நாற்காலி அக்காவும் ஏழு அரசாங்கங்களும்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது சம்பளச் சீட்டில் மட்டும் எட்டிப் பார்க்கும். மற்றபடி மாநாட்டு மாளிகையில் அவள் எல்லோருக்கும் நாற்காலி அக்காதான். அவளைவிட வயதில் மூத்த மேலாளரே கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. பட்டப்பெயருக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்?

அடுத்தடுத்து இருக்கும் ஏழு நாடுகள் கூடிப் பேசுவதற்கென்றே கட்டிய மாளிகை அது. எல்லைச் சாலை, ரயில் கட்டணம், எல்லோருக்கும் பொதுவான ஏரி என்று ஏதாவது ஒரு விவகாரம் வந்துகொண்டே இருக்கும். பேசுவது பெரிய மனிதர்களின் பாடு. யார் எந்த நாற்காலியில், யாருக்குப் பக்கத்தில், எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து பேசுவது என்பது அக்காவின் பாடு. அது சரியாக அமையாவிட்டால் பேச்சு தொடங்கவே தொடங்காது.

கூட்டமில்லாத காலைகளில் பெரிய மண்டபம் அவளுக்கே சொந்தம். உயரத்து ஜன்னல்களிலிருந்து வெயில் சாய்வாக இறங்கும். தூசி அதில் அவசரமில்லாமல் மிதக்கும். ஈரத் துணியும் கையுமாக அவள் ஒவ்வொரு நாற்காலியாகத் துடைத்துக்கொண்டே போவாள். துடைக்கத் துடைக்க மனசு எங்கோ கழன்று போய்விடும். வெறும் நாற்காலியைப் பார்த்தே அந்தந்த நாட்டுக்குள் நுழைந்து, தெருவெல்லாம் நடந்து, திரும்பி வந்துவிடுவாள். பாஸ்போர்ட் எடுக்காத அந்த மனுஷி ஏழு நாட்டையும் சுற்றிப் பார்த்தது இப்படித்தான்.

ராஜா நாட்டுக்கு உயரமான முதுகு வைத்த நாற்காலி. ராஜா ஒரு தடவைகூட வந்ததில்லை. இருந்தாலும் நாற்காலி போட்டாக வேண்டும். அதற்கு முதுகு காட்டி யாரும் உட்காரக் கூடாது. அவருடைய மந்திரிகள் பக்கவாட்டில் உட்கார்ந்து, காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். அந்த நாட்டில் தேர்தலும் உண்டு, மந்திரிசபையும் உண்டு. கடைசி வார்த்தை மட்டும் அந்த வெறும் நாற்காலியிடம். அதைத் துடைக்கும்போது அக்கா பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திக்கொள்வாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஓட்டு நாட்டுக்கு ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலி. ஆளுங்கட்சிக்கு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒன்று. உட்காருவதற்கு முன் இருவரும் ஓரக்கண்ணால் உயரத்தை அளந்துகொள்வார்கள். கூட்டம் முழுக்க ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள். டீ நேரத்தில் ஒரே பிஸ்கட்டை உடைத்துப் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒற்றையாள் நாட்டின் அதிபரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான். ஆனால் பதவிக் காலம் முடியப் போகும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்திக்கொள்வார். அவருக்கு அகலமான ஒரே நாற்காலி, பின்னால் மந்திரிகளுக்கு மடக்கு நாற்காலிகள். அவர் சிரித்தால் மடக்கு நாற்காலிகள் எல்லாம் கிரீச்சிடும். பட்டாள நாட்டின் நாற்காலி சுவரை ஒட்டி, வாசலைப் பார்த்தபடி இருக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் கதவோ ஜன்னலோ ஆகாது. புது நாடு இப்போதுதான் புரட்சி முடிந்து அரசியல் சட்டம் எழுதிக்கொண்டிருந்தது. அவர்களுக்கு எத்தனை நாற்காலி என்பது அன்று காலையில்தான் தெரியும், அதுவும் டீ நேரத்துக்குள் மாறிவிடும். அவளுடைய சொந்த நாடு கூட்டணி நாடு. அதில் யாராவது ஒருவர் எப்போதும் கோபித்துக்கொண்டு வெளியே போயிருப்பார். திரும்பி வந்தால் உட்கார இடம் வேண்டுமே என்று சுவரோரம் ஒரு நாற்காலியைத் தயாராக வைத்திருப்பாள்.

கடைசியாக முறை நாடு. அதுதான் அவளுடைய செல்லம். அங்கே ராஜாவும் இல்லை, அதிபரும் இல்லை. ஒரு சபை இருக்கிறது. சபைக்காரர்கள் வருஷத்துக்கு ஒருவராக முறை போட்டுத் தலைமை ஏற்பார்கள். போன வருஷத்துத் தலைவர் இந்த வருஷம் மேசைக் கடைசியில் உட்கார்ந்து, புதுத் தலைவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். முகத்தில் வருத்தம் மருந்துக்கும் இருக்காது. அதைப் பார்த்தால் அக்காவுக்கு மனசு நிறைந்துவிடும். அரசாங்கம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வாள்.

மண்டபத்து மூலையில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்தப் பிரியம் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷர்.

“‘யோசிச்சுச் சொல்றோம்’னு ஏழு பேரும்தான் சொல்றாங்க அக்கா. ராஜா நாட்டுல அதுக்கு அர்த்தம் மேல கேக்கணும்னு. ஓட்டு நாட்டுல, இன்னும் சண்டை முடியலன்னு. பட்டாள நாட்டுல, முடியாதுன்னு.”

“முறை நாட்டுல?”

“அடுத்த வருஷம் வர்றவர் பாத்துப்பாருன்னு.”

அக்கா சிரித்தாள். சிரித்ததோடு அதை மறந்தும் போனாள்.

வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். மூன்றாவது மாடி. அப்பா ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். ஆயுசெல்லாம் லிஃப்டில் கழித்தவருக்கு வாய்த்த குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது என்பது அந்த வீட்டின் பழைய நகைச்சுவை. உள்ளே ஏறியவர்களிடம் ‘எந்த மாடி?’ என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். யாராவது ஒரு எண்ணைச் சொல்வார்கள், இவர் பொத்தானை அமுக்குவார். ‘உங்களுக்கு எந்த மாடி?’ என்று அவரை யாரும் கேட்டதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அம்மா இருந்தவரை அந்த வீடு ஒற்றையாள் நாடு. அம்மா பதவிக் காலமே முடியாத அதிபர். அப்பா வெளிநடப்பு செய்யத் தெரியாத எதிர்க்கட்சி. இப்படி யோசித்து அக்கா தனக்குள் சிரித்துக்கொள்வாள். அம்மா போன பிறகு வீடு புது நாடாகிப் போனது. யார் எதைத் தீர்மானிப்பது என்று தெரியாமல் இருவரும் ‘உங்க இஷ்டம்பா’, ‘உன் இஷ்டம்மா’ என்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்படி இருக்கும்போது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அவள் வேலை முடிந்து வரும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருந்தார். கதவைத் திறந்து பார்த்தபோது அவளுக்கு உயிரே போய்விட்டது. “ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் சில்லுனு இருந்துச்சு” என்றார் அப்பா.

சேதி கேட்டு அண்ணன், தங்கச்சி, தம்பி மூவரும் ஓடி வந்தார்கள். அக்கா முன்னறையில் நான்கு நாற்காலி போட்டாள். ஒரே உயரத்தில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிகிற மாதிரி. பழக்க தோஷம். அப்பா உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், கதவு பாதி திறந்திருந்தது.

“என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். பேச்சு முடிஞ்சுது” என்றான் அண்ணன். மூத்தவன் அல்லவா, ராஜா நாட்டுக்காரன்.

“உன் வீடு ஊருக்கு வெளிய கெடக்கு. எங்கிட்ட இருக்கட்டும்” என்றாள் தங்கச்சி.

“நான் மட்டும் மகன் இல்லையா?” என்றான் தம்பி. அவன் வீட்டில் இருக்கிறவர்களுக்கே படுக்க இடமில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

குரல் ஏறிக்கொண்டே போனது. பாசத்தில்தான் சண்டை, அதனால் அடங்கவும் இல்லை. அப்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள். அத்தனை வருஷம் மண்டபத்து ஓரத்தில் நின்று பார்த்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானோ என்று அவளுக்கே தோன்றியது.

“முறை வெச்சுப்போம்ணா. ஒவ்வொருத்தர் வீட்லயும் கொஞ்ச மாசம். யாருக்கும் கூட இல்ல, கொறச்சல் இல்ல.”

எல்லோரும் அப்படியே அடங்கிப் போனார்கள். அண்ணனே தலையாட்டினான். கூடவே இன்னொன்றும் முடிவானது. அப்பா தனியாக வெளியே கிளம்பிப் படியில் விழுந்துவிடக் கூடாது, அதனால் அவரிடம் இருக்கும் வீட்டுச் சாவியை அண்ணன் வாங்கி வைத்துக்கொள்வான். அதற்கும் நான்கு தலைகள் ஆடின. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டார்.

“எல்லாரும் சொன்னா சரிதான்” என்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அண்ணன் கையில் கொடுத்தார்.

அன்று அக்கா ஒரு கனவு கண்டாள். மண்டபத்து நாற்காலிகள் எல்லாம் வட்டமாக, சத்தமில்லாமல், குளத்தில் விழுந்த இலைகள் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. முறை நாட்டுக்காரர் ஒருவர் எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார். நடுவில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். யாரென்று பார்க்க அவள் மெனக்கெடவில்லை. அவ்வளவு அழகாக இருந்தது அந்தச் சுற்று.

அப்பா சுற்றினார். அண்ணன் வீடு, தங்கச்சி வீடு, தம்பி வீடு. எங்கேயும் குறை வைக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். அண்ணன் அவருக்காக ஒரு அறைக்குப் புதுசாக வெள்ளையடித்தான். தங்கச்சி மருந்தை வேளை தவறாமல் கொடுத்தாள். தம்பி தன் கட்டிலை விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தான். போனில் கேட்டால் அப்பா “நல்லாப் பாத்துக்கறாங்கம்மா” என்பார். அக்காவுக்கு உள்ளூரப் பெருமை பிடிபடவில்லை.

அவளுடைய முறையும் வந்தது. அலமாரியில் ஒரு தட்டை ஒழித்து வைத்திருந்தாள். அப்பா தன் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

“சட்டையெல்லாம் எடுத்து வைங்கப்பா.”

“இருக்கட்டும்மா. திரும்ப மடிக்கணும்.”

தன் சொந்தக் கட்டிலிலேயே அவர் விருந்தாளி மாதிரி ஓரமாகப் படுத்தார். அக்கா அதைக் கவனித்தாள். வயசானவர்கள் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏரி மாநாடு வந்தது. ஏழு நாட்டுக்கும் கரை உள்ள ஏரி அது. மீன் பிடிக்கும் காலத்தைக் குறைப்பதா வேண்டாமா என்று பேச்சு. காலையில் வாசலில் இரண்டு மீனவர்கள் வந்து நின்றார்கள். ஒருவர் வயதானவர், இன்னொருவர் அவருடைய மருமகன். ஏரியில் தலைமுறையாகப் பிழைக்கிறவர்கள், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம் என்றார்கள். எந்த நாட்டுக் குழுவிலும் அவர்கள் இல்லை. எந்த நாட்டுக் குழுவிலும் இல்லாதவர்களுக்கு மண்டபத்தில் நாற்காலி போடக் கூடாது என்பது விதி.

மேலாளர் உள்ளே போய்க் கேட்டார். ராஜாவிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்றது ராஜா நாடு. ஓட்டுக்கு விடலாம் என்றது ஓட்டு நாடு, ஓட்டெடுப்பு எப்படி நடத்துவது என்பதில் அவர்களுக்குள்ளேயே அடிதடி. ஒற்றையாள் நாட்டு அதிபர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பத் துணிந்தவர் யாருமில்லை. பட்டாள நாடு பேசவே இல்லை. புது நாடு இதற்காக ஒரு குழு அமைத்தது. அக்காவின் சொந்த நாட்டில் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போனார். முறை நாட்டுத் தலைவர் அன்பாகச் சிரித்து, அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

“அரசாங்கம் ஏழு விதம். இந்த ஒரு விஷயத்துல மட்டும் எல்லாம் ஒரே வார்ப்பு” என்றார் மொழிபெயர்ப்பாளர். அன்று அவர் சிரிக்கவில்லை.

மீனவர்கள் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். பெரியவர் தன் பையை மடியிலேயே வைத்திருந்தார், கோப்பையைப் பிடிக்க முடியாமல் திண்டாடினார்.

“பைய கீழ வைங்க ஐயா. யாரும் எடுக்க மாட்டாங்க.”

“அதுக்கில்லம்மா. கூப்பிட்டா சட்டுனு போகணும். போகச் சொன்னாலும் சட்டுனு போகணும். மடியிலயே இருக்கட்டும்.”

அக்காவுக்கு வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இன்னொரு பை ஞாபகத்துக்கு வந்தது. முன்னறையில் தான் பார்த்துப் பார்த்துப் போட்ட நான்கு நாற்காலிகள் ஞாபகத்துக்கு வந்தன. நான்கு. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம், வராத ராஜாவுக்கும் வெளிநடப்பு செய்தவருக்கும்கூட, நாற்காலி போட்ட கை அது. அப்பாவுக்குப் போட மறந்திருக்கிறது. முறை நாட்டில் சுற்றுவது தலைமை. அவள் போட்ட திட்டத்தில் சுற்றியது அப்பா. தெரிந்தே செய்திருந்தாலாவது திட்டிக்கொள்ளலாம். பெருமையோடு செய்திருந்தாள்.  சாயங்காலம்வரை மீனவர்களைக் கூப்பிடவில்லை. பெரியவர் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தால் அப்பா மூன்றாவது மாடிப் படியில், பூட்டிய கதவுக்கு முன்னால், செய்தித்தாளை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

“பேப்பர் வாங்கக் கீழ போனேம்மா. காத்துல கதவு சாத்திடுச்சு.”

“எப்பலேர்ந்துப்பா?”

“மத்தியானம் இருக்கும். பழக்கம்தான். அண்ணன் வீட்டுப் படி நல்ல அகலம், காத்து வரும். சின்னவன் வீட்ல படி வெயில்ல சுடும், ஆனா தெருவைப் பாத்துட்டு இருக்கலாம். உன் தங்கச்சி வீட்ல படியே கெடையாது, செருப்பு வைக்கற அலமாரி மேலதான்.”

அவள் ஏழு நாட்டையும் நாற்காலியை வைத்து எடை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் பிள்ளைகளின் வீடுகளைப் படியை வைத்து எடை போட்டிருக்கிறார். யார்மீதும் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். ஏன் அழுகிறாள் என்று புரியாமல் அப்பா அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி எல்லோரையும் வரச் சொன்னாள். இந்தத் தடவை ஐந்து நாற்காலி. வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றுதான் உண்டு, அதை நடுவில் போட்டாள்.

“இது யாருக்கு?” என்றார் அப்பா.

“உங்களுக்குத்தான்.”

அவர் நுனியில் உட்கார்ந்தார். அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “முடிவான விஷயத்துக்கு எதுக்கு இன்னொரு பஞ்சாயத்து? அப்பாவைக் கேட்டுத்தான செஞ்சோம். சரின்னு சொன்னாரே.”

“சொன்னோம்ணா. கேக்கல.”

அவள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். 

“எந்த மாடிப்பா?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறார், அவரிடம் யாரும் கேட்டதில்லை. பதிலுக்கு நேரம் எடுத்தது. தங்கச்சி நடுவில் எதையோ சொல்ல வந்தாள், அக்கா கை காட்டி நிறுத்தினாள். ஜன்னல் வெயில் தரையில் கொஞ்சம் நகர்ந்தது. அவர் விரல் நாற்காலிக் கையில், இல்லாத ஒரு பொத்தானைத் தேடுவதுபோல் அசைந்தது.

“மூணாவது” என்றார்.

“இங்கயா? பகல் முழுக்கத் தனியா இருக்கணும். மறுபடி விழுந்தீங்கன்னா?” என்றான் அண்ணன்.

“விழ மாட்டேன்னு சொல்ல முடியாதுப்பா. விழுந்தா என் வீட்ல விழறேன். உங்க முறை உங்களுக்கே இருக்கட்டும். ஒவ்வொருத்தரா இங்க வந்து பாத்துட்டுப் போங்க. நான் சுத்தல.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “அப்புறம், எனக்கு ஒரு சாவி வேணும்.”

தம்பி உடனே தலையாட்டினான். தங்கச்சி மூக்கை உறிஞ்சினாள். அண்ணன் முகம் சுருங்கிப்போயிற்று. “உங்களுக்குன்னு வெள்ளையடிச்சேன்பா அந்த ரூமுக்கு” என்றான், சின்னப் பையன் மாதிரி. “அழகா இருந்துச்சுப்பா” என்றார் அப்பா. அதற்கு மேல் அண்ணனால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். அவன் நாற்காலியை அக்கா எடுத்து வைக்கவில்லை. சுவரோரமாக நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது தன் சாவியை அப்பாவிடம் கொடுத்தாள். இன்னொன்று செய்யக் கொடுத்தால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே போனவள், வழக்கம்போல நாற்காலிகளின் நடுவே அதை மறந்தாள். சாயங்காலம் வந்தால் கதவு பூட்டியிருந்தது. அப்பா வெளியே போயிருக்கிறார். அக்கா படியில் உட்கார்ந்தாள். படிக்கட்டு ஜன்னல் வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்தது. கீழே யாரோ வாளியை நகர்த்தினார்கள். எங்கோ ஒரு குழந்தை பாடத்தை ராகம் போட்டு ஒப்பித்தது. இந்தப் படி எப்படிப்பட்டது என்று அன்றுதான் அவள் தெரிந்துகொண்டாள். குளிர்ச்சியான படி, காற்று குறைவு.

காலடிச் சத்தம் கேட்டது. அப்பா இல்லை, அண்ணன். கையில் பழப் பை.

“என் முறைதான் முதல்ல” என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். “ஏன் வெளிய உக்காந்திருக்க?”

“சாவி அப்பாகிட்ட இருக்கு.”

“எங்கிட்டயும் ஒண்ணு இருக்கே. அவர் கொடுத்தது.” சட்டைப் பைக்குள் கை விட்டான்.

“வேணாம்ணா. உக்காரு. அவர் வந்து திறக்கட்டும்.”

அண்ணன் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு அவள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சின்ன வயசில் அம்மாவிடம் அடி வாங்கிவிட்டு இருவரும் இதே படியில் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். 

அப்பா மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கக்கத்தில் செய்தித்தாள். அவர்களைப் பார்த்ததும் நின்றார்.

“எந்த மாடி?” என்றார்.

“மூணு” என்றான் அண்ணன். 

அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். அவசரப்படவில்லை. பூட்டைத் திறந்து, தான் முதலில் உள்ளே போய், விளக்கைப் போட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பினார்.

“உள்ள வாங்க” என்றார்.